சிறுத்த காதோடு பிறந்த பிள்ளை: மட்டக்களப்பு, அம்பாறைப் பெற்றோர் என்னிடம் கேட்கும் கேள்விகள்

என் மகன் 2011இல் மட்டக்களப்பில் பிறந்தான். வலது காது இருக்க வேண்டிய இடத்தில் கச்சான் கொட்டை அளவில் ஒரு முடிச்சு, அதற்குக் கீழே சின்னதாக ஒரு சோணை. துவாரம் இல்லை. 2023இல் அவனுடைய விலாவிலிருந்து எடுத்த குருத்தெலும்பில் காது செய்து வைத்தார்கள். 2024இல் அதைத் தலையிலிருந்து தூக்கி நிறுத்தினார்கள்.

நான் வைத்தியர் அல்ல, வீட்டில் தையல் தைக்கிறவள். ஆனால் இத்தனை வருடமாக ஒவ்வொரு கிளினிக்கிலும் கேட்டுக் கேட்டு அறிந்ததை இப்போது மற்ற அம்மாமார் என்னிடம் கேட்கிறார்கள். களுவாஞ்சிகுடியிலிருந்தும் ஓட்டமாவடியிலிருந்தும் திருக்கோவிலிலிருந்தும் அழைப்பு வரும். அநேகமாக இரவு ஒன்பது மணிக்குப் பிறகு, வீட்டில் எல்லாரும் படுத்த பின், தாழ்ந்த குரலில். ஒவ்வொருவரும் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். அதனால் எழுதி வைக்கிறேன்.

கிரகண நேரத்தில் நான் வெளியே போனேன். அதனால்தான் இப்படியா?

இல்லை. இதை முதலில் வைப்பதற்குக் காரணம், எனக்கு வரும் அழைப்புகளில் பாதி இந்தக் கேள்வியோடுதான் தொடங்குகிறது. "கிரகணத்தில் கத்தி பிடிச்சியா, ஏதும் நறுக்கினியா?" என்று மாமியார் கேட்டிருப்பார், அல்லது பக்கத்து வீட்டுப் பெத்தா கேட்டிருப்பார். என்னிடமும் கேட்டார்கள். பிள்ளை பிறந்து மூன்றாம் நாள், தையல் வலியோடு படுத்திருந்தபடி ஒன்பது மாதத்தையும் நாள் நாளாக எண்ணிப் பார்த்து அழுதேன்.

காதுமடல் உருவாகத் தொடங்குவது கருவின் ஐந்தாம், ஆறாம் வாரத்தில். முதலில் ஆறு சின்ன மேடுகளாக வந்து, அவை ஒன்றோடொன்று கூடி மடலாகின்றன. கர்ப்பம் என்று தெரிந்து வாந்தி தொடங்கும் காலம் அது. பலர் கிளினிக்கில் பதிந்திருக்கக்கூட மாட்டார்கள். அந்த நாட்களில் அந்த மேடுகள் சரியாக வளராமல், கூடாமல் நின்றுவிட்டால் காது சிறுத்துப்போகிறது. பெரும்பாலான பிள்ளைகளில் ஏன் நின்றது என்று ஒரு காரணமும் கண்டுபிடிக்க முடிவதில்லை.

2019 டிசெம்பர் 26ஆம் திகதி சூரிய கிரகணம் வந்தபோது எங்கள் ஒழுங்கையில் இரண்டு கர்ப்பிணிகளை அறைக்குள் பூட்டாத குறையாக வைத்திருந்தார்கள். இரண்டு பிள்ளைகளும் நல்லபடியாகப் பிறந்தன. கிரகணமே வராத மாதங்களில், கிரகணம் பற்றி எந்த நம்பிக்கையும் இல்லாத நாடுகளில், சிறுத்த காதோடு பிள்ளைகள் பிறந்துகொண்டுதான் இருக்கிறார்கள். உங்களிடம் யாராவது கேட்டால் இந்தப் பதிலையே சொல்லுங்கள், மனே. தலை குனிய வேண்டாம்.

உண்மையில் தொடர்பு தெரிந்த காரணங்கள் சில உண்டு. கர்ப்பத்துக்கு முன்பே கட்டுப்பாட்டில் இல்லாத நீரிழிவு, கடுமையான முகப்பருவுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை, அந்தக் காலத்தில் கர்ப்பிணிகளுக்கு வாந்திக்குக் கொடுத்த தாலிடோமைட் மாத்திரை போன்றவை. இவற்றில் எதுவும் உங்கள் கதையில் இல்லையென்றால் மேலும் தோண்டாதீர்கள்.

சொந்தத்துக்குள் கட்டியதாலா? அடுத்த பிள்ளைக்கும் வருமா?

காது மட்டும் சிறுத்திருக்கிற பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குக் குடும்பத்தில் வேறு யாருக்கும் இருக்காது. எங்கள் வீட்டில் இளையவளுக்கு இரண்டு காதும் சரியாக இருக்கின்றன. ஆனால் இரு பக்கக் காதும் சிறுத்து, கன்னமும் தாடையும் கண்ணிமையும் மாறியிருந்தாலோ, உறவில் இன்னொருவருக்கும் இருந்தாலோ, அடுத்த பிள்ளைக்கு முன் மரபணு ஆலோசனை கேட்பது நல்லது.

இதற்கு என்ன பெயர்? அரிதானதா?

மைக்ரோஷியா. சிறிய காது என்பதுதான் அதன் பொருள். மடலே இல்லாவிட்டால் அனோஷியா. பொதுவாக 10,000 பிறப்புகளில் ஒன்று முதல் மூன்று பிள்ளைகளுக்கு வருகிறது என்று சொல்லப்படுகிறது. பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளில் அதிகம், இடது பக்கத்தைவிட வலது பக்கத்தில் அதிகம், பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும்.

வைத்தியர்கள் இதைத் தரம் பிரிப்பார்கள். முதல் தரம் என்றால் எல்லா மடிப்புகளும் இருக்கும், அளவு மட்டும் சிறிது. இரண்டாம் தரத்தில் பாதி உருவம். மூன்றாம் தரம் என் மகனுடையது போல முடிச்சும் சோணையும் மட்டும். அதிகம் காணப்படுவது இதுதான். நான்காம் தரம், ஒன்றுமே இல்லாதது. கிளினிக் கொப்பியில் இந்த எண் எழுதியிருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

பிள்ளை பிறந்து ஒரு கிழமை. முதலில் என்ன செய்ய வேண்டும்?

கேட்டல் பரிசோதனை. காது செய்வதைப் பற்றி இப்போது யோசிக்கவே வேண்டாம், அதற்கு வருடக் கணக்கில் நேரம் இருக்கிறது. கேட்டலுக்கு அந்த நேரம் இல்லை.

நான் செய்த பிழையைச் சொல்கிறேன். பிறந்த பிறகு ஓரிடத்தில் காட்டியபோது, "மற்றக் காது நல்லாத்தானே இருக்கு, பிள்ளை கதைக்கத் தொடங்கட்டும், பிறகு பார்ப்போம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நானும் நிம்மதியாக வந்துவிட்டேன். மூன்று வயதில்தான் முதல் பரிசோதனை. அப்போது பார்த்தால் நல்ல காது என்று நினைத்த இடது காதுக்குள் நீர் கட்டியிருந்தது. எத்தனை மாதம் அப்படி இருந்ததோ தெரியாது. அவன் சொற்கள் மழுங்கி வந்ததற்கு அதுதான் காரணம். நீர் வடிந்த பிறகு ஒரு வருடம் பேச்சுப் பயிற்சிக்கு அலைந்தோம். அந்த மூன்று வருடத்தை நினைத்தால் இப்போதும் நெஞ்சு கனக்கிறது.

ஒரு மாதத்துக்குள் முதல் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் முடிவு, ஆறு மாதத்துக்குள் தேவையான உதவி. இதுதான் கேட்டல் குறைபாட்டில் உலகமெங்கும் சொல்லும் கணக்கு. பிள்ளையைத் தூங்க வைத்து, தலையில் சின்ன ஒட்டுகளை ஒட்டி, சத்தத்துக்கு மூளைத்தண்டு எப்படிப் பதில் தருகிறது என்று பார்ப்பார்கள். பெரா டெஸ்ட் என்று சொல்வார்கள். வலி இல்லை, ஊசி இல்லை. இரண்டு பக்கத்துக்கும் செய்யச் சொல்லுங்கள். நல்லதாகத் தெரியும் காதையும் விடக்கூடாது.

சிறுநீரகத்துக்கு ஒரு ஸ்கானும் கேளுங்கள், காது மாறிப் பிறக்கும் பிள்ளைகள் சிலருக்குச் சிறுநீரகத்திலும் மாற்றம் இருக்கும். பிள்ளை வாய் திறக்கும்போது தாடை ஒரு பக்கம் சாய்கிறதா, முகம் ஒரு பக்கம் சிறியதா என்றும் பார்ப்பார்கள்.

துவாரமே இல்லை. அப்போ அந்தப் பக்கம் முழுச் செவிடா?

அநேகமாக இல்லை. உட்காது உருவாகும் இடமும் வழியும் வேறு. மடலும் துவாரமும் இல்லாவிட்டாலும் உள்ளே நத்தை ஓடு போன்ற கேட்கும் பகுதி பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். சத்தம் உள்ளே போகும் பாதைதான் அடைபட்டிருக்கிறது. இப்படி அடைபட்ட காதில் இழப்பு அநேகமாக 40 முதல் 60 டெசிபெல் வரை இருக்கும். நாம் சாதாரணமாகக் கதைப்பதே 60 டெசிபெல் அளவுதான். அதாவது அந்தப் பக்கம் நின்று மெல்லக் கதைத்தால் பிள்ளைக்குக் கேட்காது. கத்தினால் கேட்கும்.

இரு கைகளாலும் உங்கள் காதுகளை இறுக்கிப் பொத்திக்கொண்டு முறுக்கைக் கடித்துப் பாருங்கள். அந்த நொறுக்குச் சத்தம் தலைக்குள் பெரிதாகக் கேட்கும். அது துவாரம் வழியாக வரவில்லை, எலும்பு வழியாக வருகிறது. எலும்பு வழிக் கேட்கும் கருவி செய்வதும் இதைத்தான். ஒரு மென்மையான தலைப்பட்டியில் சின்னப் பெட்டியைப் பொருத்தி, காதுக்குப் பின்னால் உள்ள எலும்பில் அழுத்தி வைப்பார்கள். கைக்குழந்தைக்கும் கட்டலாம், ஒபரேஷன் எதுவும் வேண்டாம். எலும்பில் திருகாணி பதிக்கும் வகை பிறகு, எலும்பு தடித்த பின், அநேகமாக ஐந்து வயதுக்கு மேல்.

இரு காதும் அடைபட்ட பிள்ளைக்கு இந்தப் பட்டி கட்டாயம் வேண்டும், முதல் மாதங்களிலேயே. இது இல்லாமல் பேச்சு சரியாக வளராது. ஒரு பக்கம் மட்டும் என்றால் வைத்தியரோடு கதைத்து முடிவெடுங்கள். சில பிள்ளைகள் விரும்பிப் போடுவார்கள், சிலர் பிடுங்கி எறிவார்கள். என் மகன் எறிந்தான்.

பரிகாரியார் எண்ணெய் தந்தார். விடலாமா?

வேண்டாம். மூடிய பக்கத்தில் எண்ணெய் போவதற்கு வழியே இல்லை. திறந்த பக்கத்தில் விட்டு அந்த ஒரே நல்ல காதைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தக் காதில் சீழ், வலி, தடிமனோடு அடைப்பு எது வந்தாலும் அன்றைக்கே காட்ட வேண்டும்.

அச்சு வைத்துக் காதைச் சரி செய்யலாம் என்று வீடியோவில் பார்த்தேன். உண்மையா?

உண்மைதான், ஆனால் எல்லாக் காதுக்கும் அல்ல. அம்மாவிடமிருந்து வந்த ஈஸ்ட்ரஜன் என்ற ஹோர்மோன் பிள்ளையின் உடலில் இருக்கும் முதல் சில கிழமைகளில் காதுக் குருத்து மெழுகு போல வளையும். மடங்கிய காது, தலையோடு ஒட்டிக் கிடக்கும் காது, விரிந்து நிற்கும் காது இவற்றை அந்த நேரத்தில் அச்சு வைத்துத் திருத்தலாம். இரண்டு மூன்று கிழமை கடந்தால் பயன் குறைந்துகொண்டே போகும். ஆனால் மடல் இருக்க வேண்டும். இல்லாத குருத்தை அச்சு கொண்டுவராது. எனவே பிறந்த உடனேயே எந்த வகை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மடங்கியதுதான் என்றால் அந்த வாய்ப்பைத் தவறவிட வேண்டாம்.

எந்த வயதில் புதுக் காது செய்வார்கள்?

செய்யும் முறையைப் பொறுத்தது. விலாக் குருத்தில் செய்வதென்றால் முழு மடல் செய்யப் போதுமான குருத்து பிள்ளையின் நெஞ்சில் வளர்ந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் ரட்ஃபோர்ட் டான்சர் 1959இல் இந்த முறையை எழுதி வெளியிட்டார். அவருக்குப் பின் பேர்ட் பிரெண்ட் நான்கு கட்டமாக, ஆறு வயதளவில் தொடங்கிச் செய்தார். 1993இல் ஜப்பானின் சத்தோரு நாகாட்டா இரண்டே கட்டமாகச் செய்யும் வழியை வெளியிட்டார். அதற்குக் கூடுதல் குருத்து வேண்டும் என்பதால் பத்து வயது, மார்பெலும்பின் அடி நுனி மட்டத்தில் மார்புச் சுற்றளவு 60 சென்ரிமீற்றர் என்று ஒரு கணக்கு வைத்தார். இன்றும் பல நிபுணர்கள் இதையே பார்க்கிறார்கள்.

மகனுக்குப் பத்து வயதானபோது 57. என் தையல் நாடாவால் மாதா மாதம் அளப்பேன். அவன் மூச்சை இழுத்து நெஞ்சை விரித்துக் காட்டுவான். 60 வந்த வருடம் 2022. அப்போது நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு, எரிபொருள் வரிசை, அவசரமில்லாத சத்திரசிகிச்சைகள் எல்லாம் தள்ளிப்போயின. எங்களுடையதும் அடுத்த வருடத்துக்குப் போனது. அந்தத் தாமதத்தால் ஒரு கெடுதலும் வரவில்லை. நெஞ்சு இன்னும் வளர்ந்தது, அவனுக்கும் விளக்கம் வந்தது.

அவசரப்படும் அப்பாமாருக்கு ஒன்று: ஆறு வயதிலேயே காதின் அளவு பெரியவர்களின் அளவில் 85 வீதத்தை எட்டிவிடும். ஆகவே செய்யும் காதை மற்றக் காதுக்கு ஏற்ற அளவில் செய்ய முடியும். "பெரிதாகும்போது ஒன்று சின்னனாக நிற்குமே" என்ற பயம் அவ்வளவு தேவையில்லை.

விலா எலும்பில் எப்படிக் காது வருகிறது?

இதைச் சொல்ல எனக்குப் பிடிக்கும்.

முந்தின நாள் சத்திரசிகிச்சை நிபுணர் ஒரு துண்டு எக்ஸ்ரே படத்தாளை மகனின் நல்ல காதின் மேல் வைத்தார். பேனையால் ஓரத்தைக் கோடு கோடாக இழுத்தார். வெளி விளிம்பு, உள்ளே கவட்டைப் போலப் பிரியும் மேடு, நடுப்பள்ளம், முன்னால் இருக்கும் சின்ன மொட்டு. பிறகு கத்தரிக்கோலால் வெட்டி, அப்படியே புரட்டி வலது பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இடது காதின் வார்ப்பு, புரட்டினால் வலது காது. நான் சட்டைக்கு ஒரு கைக்கு வெட்டிய காகிதத்தைப் புரட்டி மற்றக் கைக்கு வைக்கிறேனே, அதே வேலை. அதுவரை பயந்து பயந்து இருந்த எனக்கு அந்த நிமிடத்தில் ஒரு தைரியம் வந்தது. இது எனக்குத் தெரிந்த தொழில், துணிதான் வேறு என்று நினைத்துக்கொண்டேன்.

குருத்தை எடுப்பது நெஞ்சின் கீழ்ப்பக்கத்தில், ஆறாம் விலாவிலிருந்து ஒன்பதாம் விலா வரை. எலும்பை அல்ல, விலா முன்னால் வந்து முடியும் இடத்தில் உள்ள வெள்ளைக் குருத்தை. இரண்டு விலாக்களின் குருத்து கூடுமிடம் அகலமாக இருக்கும், அது அடித்தளமாகிறது. நீளமான துண்டை மெல்லியதாகச் சீவி வளைத்து வெளி விளிம்பாக்குகிறார்கள். எல்லாவற்றையும் முடியைப் போன்ற எஃகுக் கம்பியால் தைக்கிறார்கள். பிறகு காதிருக்க வேண்டிய இடத்தில் தோலுக்குக் கீழே ஒரு பை திறந்து, பழைய முடிச்சிலிருந்த கோணல் குருத்தை அகற்றி, புதுச் சட்டகத்தை உள்ளே செருகுகிறார்கள். பழைய சோணை வீணாவதில்லை. அதைத் திருப்பி, புதுக் காதின் கீழ் முனையில் சேர்க்கிறார்கள். எங்களுக்கு ஆறு மணித்தியாலம் எடுத்தது.

மெல்லிய குழாய்கள் தோலுக்குக் கீழே இருந்து வெளியே வரும். அவை உள்ளிருக்கும் காற்றையும் இரத்தக் கசிவையும் உறிஞ்ச, தோல் சட்டகத்தோடு ஒட்டிப்போகும். ஈரச்சேலை கல்லில் ஒட்டி, கல்லின் மேடு பள்ளம் தெரியுமே, அப்படி. கட்டு மாற்றும்போது பார்த்தேன். ஊதா நிறம், வீக்கம், காய்ந்த இரத்தம். ஆனாலும் அந்த வளைவு தெரிந்தது.

ஆறு மாதம் கழித்து அடுத்த கட்டம் செய்யலாம். எங்களுக்குத் திகதி கிடைக்கச் சற்றுக் கூட எடுத்தது. முதல் தடவை தலையோடு படிந்து கிடக்கும் காதைப் பின்னால் வெட்டி உயர்த்தி, பின்பக்கம் ஒரு குருத்துத் துண்டை ஆப்பு போல வைத்து, மேலே தோல் ஒட்டுவார்கள். அந்த ஆப்புக்கான துண்டை முதல் ஒபரேஷனிலேயே நெஞ்சுத் தோலுக்குக் கீழே சேமித்து வைப்பதும் உண்டு. எங்களுக்கு அப்படித்தான் செய்தார்கள்.

வலிக்குமா? ஆபத்து என்ன?

காதைவிட நெஞ்சுதான் வலிக்கும். முதல் மூன்று நாள் இருமினாலும் சிரித்தாலும் துடிப்பான். வலி மருந்தை நேரத்துக்குக் கேட்டு வாங்குங்கள், பிள்ளை பொறுத்துக்கொள்ளட்டும் என்று விடாதீர்கள். ஆழமாக மூச்செடுக்கப் பழக்குவார்கள், அது முக்கியம். இரண்டு கிழமையில் என் மகன் நிமிர்ந்து நடந்தான். ஓட்டம், பந்து விளையாட்டுக்கு மூன்று மாதம் தடை போட்டார்கள்.

ஆபத்துகளை மறைக்க மாட்டேன். குருத்து எடுக்கும்போது நுரையீரல் உறையில் கிழிசல் வந்து காற்றுப் புகலாம், பெரும்பாலும் அங்கேயே கண்டு சரிசெய்துவிடுவார்கள். தோலுக்குக் கீழே இரத்தம் தேங்கலாம். கிருமி தொற்றலாம். மேல் தோல் ஒரு புள்ளியில் கறுத்து இறந்து, குருத்து வெளியே தெரியலாம். தழும்பு தடித்துக் கெலொய்டாக வளரலாம். நம்மைப் போன்ற கறுத்த தோலில் இதற்கு வாய்ப்புக் கூட என்பதால், வீட்டில் யாருக்காவது அப்படித் தடித்த தழும்பு இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வீட்டுக்கு வந்த பின் காதின் நிறம் மாறினாலோ, மணத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ விடியட்டும் என்று இருக்காதீர்கள்.

இன்னொன்றையும் நேராகச் சொல்ல வேண்டும். அச்சு அசலாக மற்றக் காது போல வராது. சற்றுத் தடிப்பாக, விறைப்பாக இருக்கும், மடக்கினால் வளையாது. எதிரே நின்று கதைப்பவர் கவனிக்க மாட்டார், கிட்ட வந்து பார்ப்பவருக்குத் தெரியும். இதைப் பிள்ளைக்கும் முன்பே சொல்லி வையுங்கள்.

விலாவைத் தொடாமல் பிளாஸ்டிக் சட்டகம் வைக்கலாமே?

வைக்கலாம். நுண்துளையுள்ள பொலித்தீன் சட்டகம். 1991 தொடக்கம் அமெரிக்காவில் ஜோன் ரைனிஷ் செய்து வளர்த்த முறை. மூன்று வயதிலிருந்தே செய்யலாம், பெரும்பாலும் ஒரே தடவையில் முடியும், நெஞ்சில் வெட்டு இல்லை. சட்டகத்தை மூட, தலையின் பக்கவாட்டிலிருந்து இரத்த ஓட்டமுள்ள மெல்லிய சவ்வை இறக்கிப் போர்த்துவார்கள்.

குறை என்னவென்றால் அது உடலின் சொந்தப் பொருள் அல்ல. பத்து வருடம் கழித்துக்கூட ஒரு அடிபட்டு மேலே தோல் திறந்தால், சட்டகம் வெளியே தெரிந்து கிருமி பிடிக்கலாம், உடையவும் கூடும். சொந்தக் குருத்தில் காயம் வந்தால் பெரும்பாலும் ஆறிவிடும். வாகரையிலோ பொத்துவிலிலோ இருந்துகொண்டு, ஒரு காயத்துக்கு உடனே அந்த நிபுணரிடம் ஓட முடியாத நமக்கு விலாக் குருத்துதான் பொருத்தம் என்பது என் எண்ணம். கடைசி முடிவு உங்கள் நிபுணரோடு.

சிலிக்கன் காதை ஒட்டிவிட்டால் போதாதா?

பார்வைக்கு அதுதான் மிக அச்சாக இருக்கும். பசையால் ஒட்டலாம், அல்லது எலும்பில் பதித்த டைட்டேனியக் கொளுவியில் மாட்டலாம். இரவில் கழற்ற வேண்டும். நிறம் மங்கும், சில வருடத்துக்கு ஒருமுறை புதிது செய்ய வேண்டும். நம்மூர் வெயிலிலும் வியர்வையிலும் பசை நிற்பது கஷ்டம். கொளுவி பதிக்க அந்த இடத்துத் தோலை வெட்டினால் பிறகு விலாக் குருத்தில் செய்வது கடினமாகிவிடும், இதை முன்பே யோசியுங்கள். பெரியவர்களுக்கும், தீக்காயத்தாலோ விபத்தாலோ தோல் கெட்டவர்களுக்கும், ஒரு தடவை செய்து தோற்றவர்களுக்கும் நல்ல வழி.

எலியின் முதுகில் காது வளர்க்கிறார்களே, அதுவரை காத்திருக்கலாமா?

அந்தப் படத்தை எனக்கும் பலர் அனுப்பியிருக்கிறார்கள். 1997இல் வந்தது. எலியின் தோலுக்குக் கீழே காது வடிவ அச்சில் மாட்டின் குருத்துக் கலங்களை வளர்த்திருந்தார்கள். மனிதக் காது அல்ல. அதன் பிறகு சீனாவில் ஐந்து பிள்ளைகளுக்கு அவர்களுடைய சொந்தக் கலங்களிலிருந்து காது வளர்த்து வைத்ததாக 2018இல் செய்தி வந்தது. 2022இல் அமெரிக்காவில் முப்பரிமாண அச்சில் சொந்தக் கலங்களால் செய்த காதை ஒரு இளம் பெண்ணுக்கு வைத்தார்கள். இரண்டும் ஆய்வாக நடந்தவை. அதை நம்பிப் பிள்ளையின் பள்ளிக் காலத்தைக் கடத்த வேண்டாம்.

காதுத் துவாரத்தையும் திறந்துவிடுவார்களா?

அது வேறு ஒபரேஷன், வேறு நிபுணர். ஐந்தாறு வயதில் சி.டி. ஸ்கான் எடுத்து, நடுக்காதின் எலும்புகள், முகநரம்பு போகும் பாதை எல்லாம் பார்த்து பத்துக்கு இத்தனை என்று புள்ளி போடுவார்கள். நல்ல புள்ளி உள்ளவர்களுக்கே செய்வார்கள். திறந்த துவாரம் மறுபடி சுருங்குவது உண்டு. விலாக் குருத்தில் காது செய்வதாக இருந்தால் பொதுவாக அதை முதலில் முடிப்பார்கள், ஏனென்றால் வெட்டுப் படாத தோல் வேண்டும். கேட்டலுக்கு எலும்பு வழிக் கருவியே நம்பகமானது என்று பலர் சொல்கிறார்கள்.

துவாரம் ஊசி முனை அளவில் இருக்கும் பிள்ளைகள் கட்டாயம் ஸ்கான் எடுக்க வேண்டும். உள்ளே தோல் கழிவு சேர்ந்து எலும்பை அரிக்கும் ஆபத்து அவர்களுக்கு உண்டு.

எங்கே போவது? எவ்வளவு செலவு?

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் காது, மூக்கு, தொண்டை கிளினிக்கிலிருந்து தொடங்குங்கள். அம்பாறைப் பக்கத்தவர்கள் அம்பாறை பொது வைத்தியசாலையிலோ கல்முனையிலோ காட்டிக் கடிதம் எடுக்கலாம். பிளாஸ்டிக் சத்திரசிகிச்சைக்குக் கொழும்பு தேசிய வைத்தியசாலைக்கோ பொரளை சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கோ அனுப்பக்கூடும். அரசாங்க வைத்தியசாலையில் ஒபரேஷனுக்குக் காசு கட்டத் தேவையில்லை. போக்குவரத்தும், கூட நிற்பவரின் சாப்பாடும் தங்குமிடமும், தொலைந்த நாட்கூலியும்தான் செலவு. கேட்கும் கருவிக்கு உதவி வேண்டுமென்றால் உங்கள் பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைச் சந்தியுங்கள்.

நாங்கள் உதயதேவி ரயிலில் கொழும்புக்குப் பன்னிரண்டு தடவைக்கு மேல் போயிருப்போம். நான் கற்றுக்கொண்டது: கேள்விகளை முதல் நாளே கொப்பியில் எழுதுங்கள், சிங்களம் தெரிந்த ஒருவரைக் கொண்டு அருகில் சிங்களத்திலும் எழுதி வாங்குங்கள். எனக்குச் சிங்களம் வராது. அந்தக் கொப்பியை நீட்டியபோது டொக்டர் ஒவ்வொன்றாக விரல் வைத்து வாசித்துப் பதில் சொன்னார். "நீங்கள் இதுவரை இப்படிச் செய்த காதுகளின் படம் இருக்கிறதா?" என்றும் கேளுங்கள். கேட்பதில் தவறில்லை. இந்த வேலை கைப்பழக்கத்தில் இருக்கிறது.

பெண் பிள்ளை. காது குத்த நாள் பார்த்துவிட்டோம்.

நல்ல காதில் குத்துங்கள். சிறுத்த பக்கத்துச் சோணையைத் தொட வேண்டாம். அந்தத் துண்டுதான் நாளைக்குப் புதுக் காதின் சோணை, அதில் தழும்பு விழக்கூடாது. எல்லாம் ஆறிய பிறகு நிபுணரிடம் கேட்டுக் குத்தலாம். ஒற்றைத் தோட்டோடு சாமி கும்பிட்டால் சாமி கோபிக்காது.

பாடசாலையில் என்ன சொல்வது?

ரீச்சரிடம் போய் நேரே சொல்லுங்கள். முன் வரிசை, கேட்காத காது சுவர்ப் பக்கம், நல்ல காது வகுப்புப் பக்கம். வலது காது கேட்காத பிள்ளை வலது ஓரத்தில் இருக்க வேண்டும். ஒரு காதுக்காரருக்குச் சத்தம் கேட்கும், எந்தத் திசையிலிருந்து என்று தெரியாது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எல்லாப் பக்கமும் திரும்பிப் பார்ப்பார்கள். அதைக் கவனக்குறைவு என்று தண்டிக்கக் கூடாது. திருமலை வீதி போன்ற பெரிய தெருவில் ஹோர்ன் சத்தத்தை நம்பாமல், இரு பக்கமும் கண்ணால் பார்த்துக் கடக்கப் பழக்குங்கள்.

பட்டப்பெயர் வரும். என் மகனை "ஒத்தக்காதன்" என்றார்கள். அவனுக்கு ஒரு வசனம் சொல்லிக் கொடுத்தேன்: "நான் பிறந்ததே இப்படி. இந்தக் காது கேட்காது, இந்தப் பக்கம் வந்து கதை." அழாமல் சொல்லும் வரை வீட்டில் பத்துத் தடவை சொல்லிப் பார்த்தோம்.

கொரோனா காலத்தில் புதுச் சிக்கல் வந்தது. மாஸ்க்கின் வலது இலாஸ்டிக் மாட்ட இடமில்லை, ஒவ்வொரு நிமிடமும் கழன்று விழுந்தது. தலைக்குப் பின்னால் முடிச்சுப் போடும் நாடா வைத்து ஏழு மாஸ்க் தைத்தேன். கண்ணாடி போடும் பிள்ளைகளுக்கும் இதே பிரச்சினை, மீள்பட்டி கட்டலாம்.

செய்யாமலே விட்டால்?

விடலாம். ஒபரேஷன் செய்வதால் கேட்டல் அதிகரிக்காது, செய்யாததால் உடம்புக்கு ஒன்றும் ஆகாது. அதனால் இதில் முடிவு பிள்ளையுடையது. கலியாணச் சந்தையை நினைத்தோ, மாமிமார் சொன்னார்கள் என்றோ ஆறு வயதுப் பிள்ளையின் நெஞ்சைத் திறக்க வேண்டாம். பத்து வயதில் அவனிடமே கேட்டேன். இரண்டு நாள் பதில் சொல்லவில்லை. மூன்றாம் நாள் தையல் மெசினுக்குப் பக்கத்தில் வந்து நின்று, "வலிக்கும்தானே, ஆனா எனக்கு வேணும்" என்றான். அதற்குப் பிறகுதான் திகதி கேட்டோம். எனக்குத் தெரிந்த இன்னொரு பிள்ளை, அக்கரைப்பற்றில், பதினாறு வயதில் வேண்டாம் என்று சொன்னாள். நன்றாகப் படிக்கிறாள், ஒரு பக்கம் முந்தானையை இழுத்து விடுவதுமில்லை.

ஹெல்மெட் போடலாமா? கடலில் குளிக்கலாமா? எப்படிப் படுப்பது?

முதல் மாதங்களில் அந்தப் பக்கம் சாய்ந்து படுக்கக் கூடாது. நடுவில் குழியுள்ள தலையணை ஒன்று நான் பஞ்சில் தைத்துக் கொடுத்தேன். காயமெல்லாம் மூடி நிபுணர் சொன்ன பிறகே கடல். கல்லடியில் அவனை மறுபடி அலைக்குள் விட எனக்கே கூடுதல் நாள் எடுத்தது. ஹெல்மெட்டுக்கும் அனுமதி கேளுங்கள், இரு கையாலும் விரித்துப் போட்டு விரித்துக் கழற்ற வேண்டும்.

புதுக் காதில் உணர்ச்சி மெல்ல மெல்லத்தான் வரும். வெயில் சுடுவதும் நுளம்பு கடிப்பதும் முதலில் தெரியாது. சலூனில் கட்டாயம் சொல்லுங்கள், கத்தி பட்டாலும் பிள்ளைக்கு உறைக்காது. என் மகன் பன்னிரண்டு வருடம் வலப்பக்க முடியை நீளமாக விட்டு மூடிக்கொண்டிருந்தவன். போன பொங்கலுக்கு முதல் நாள் சலூனில் கதிரையில் ஏறியிருந்து, இரண்டு பக்கமும் ஒட்ட வெட்டச் சொன்னான். நான் வாசலில் நின்று சலூன்காரரிடம், "வலப்பக்கம் பார்த்துத் தம்பி, அதில அவனுக்கு இன்னும் உறைக்காது" என்று சொன்னேன்.